ஊர் பார்க்க ஒரு கார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் வாக்கு. இந்நாளில் ‘ஆள் பாதி, வண்டி பாதி’ என்று அதை மாற்றிச் சொன்னாலும் தவறாகாது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில், தென்காசியிலிருந்து கடையம் வழியாக அம்பாசமுத்திரம் செல்லும் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். ஏழு பேர் அமரக்கூடிய காரில் ஒருவர் மட்டும் போவார். காடு மலை ஏறுவதற்கென்றே செய்தது போன்ற மற்றொரு கார், தார்ச்சாலையை விட்டு ஒருநாளும் கீழே இறங்கியிராது. அதே சாலையில் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் வண்டி வரும். அதில் இரண்டு பக்கமும் பால்கேன்கள், நடுவில் ஒரு கட்டுப் புல், அதற்கும் பின்னால் ஓர் ஆள்!

ஒரே ஊரில், ஏன், ஒரே வீட்டில்கூட, ஒரு வண்டியைப் பயன் கருதியும் மற்றொரு வண்டியைத் தோற்றம் கருதியும் வாங்குகிறார்கள். எக்ஸெல் வாங்கும்போது அத்தனை கணக்குப் பார்த்த அதே மனிதர் கார் வாங்கும்போது மட்டும் கணக்கை மறந்துவிடுவது ஏன்? இது அறியாமையா? ஆடம்பரமா? அல்லது நாம் கவனிக்கத் தவறிய வேறொரு கணக்கு இதற்குள் இருக்கிறதா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே நிறுவனம், இரு வண்டிகள்

இக்கேள்விக்கு விடை காண உதவும் நல்லதொரு சோதனையை நம் நாட்டின் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் தன்னை அறியாமலேயே நடத்திக் காட்டியிருக்கிறது.

2005-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ‘எய்ஸ்’ என்னும் சிறிய சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டே சிலிண்டர்கள் கொண்ட சிறிய டீசல் எஞ்சின், முக்கால் டன் சரக்கு ஏற்றலாம், விலையும் குறைவு. பார்வைக்கு அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் ‘குட்டியானை’ என்று செல்லப்பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டார்கள். இன்று பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் வந்து சேர்வது பெரும்பாலும் குட்டியானையில்தான். நாடு முழுவதும் இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட எய்ஸ் வண்டிகள் விற்றுள்ளன.

இவ்வண்டியின் உருவாக்கத்தை முன்னின்று நடத்தியவர் கிரீஷ் வாக் என்னும் பொறியாளர். அதே நிறுவனம் அதே பொறியாளரிடம் அடுத்த பணியையும் ஒப்படைத்தது. அதுதான் ‘நானோ’ கார். ஒரு குடும்பமே ஒரு ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு போவதைக் கண்ட ரத்தன் டாட்டா, அவர்களுக்கும் மழையில் நனையாமல் போக ஒரு கார் வேண்டும் என்று எண்ணியதன் விளைவே அது. 2008 ஜனவரி 10-ஆம் நாள் தில்லி மோட்டார் கண்காட்சியில் நானோ அறிமுகம் செய்யப்பட்டது. அடிப்படை வகையின் தொழிற்சாலை விலை ஒரு லட்சம் ரூபாய். உலகமே வியந்து பார்த்தது.

நானோவும் குட்டியானை போலவே சிக்கனத்தின் பிள்ளை. 624 சி.சி. கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின் பின்புறம் அமைந்திருந்தது. நீளம் சுமார் 3.1 மீட்டர், எடை சுமார் 600 கிலோ. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். சக்கரத்திற்கு மூன்றே திருகுகள். வெளியே சிறியதாக இருந்தாலும் உள்ளே நால்வர் தாராளமாக அமரலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 23 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று சான்றளிக்கப்பட்டது. நம் கடைவீதிகளில் திருப்பவும் நிறுத்தவும் இதைவிட ஏற்ற கார் வேறில்லை எனலாம்.

ஆனால் நடந்தது என்ன? குஜராத் மாநிலம் சானந்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்கள் செய்யும் அளவில் தொழிற்சாலை கட்டப்பட்டது. மிக நன்றாக விற்ற 2011–12-ஆம் ஆண்டில்கூட விற்பனை 75 ஆயிரத்தைத் தொடவில்லை. 2018 ஜூன் மாதத்தில் அத்தொழிற்சாலையில் தயாரான நானோ ஒன்றே ஒன்று! அதன்பின் உற்பத்தியே நின்று போயிற்று.

நானோ தோற்றதற்குத் தோற்றம் ஒன்றுதான் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் பிரச்சினையால் தொழிற்சாலையைக் கைவிட நேர்ந்து காலம் வீணாயிற்று. தொடக்கத்தில் சில கார்கள் தீப்பிடித்த செய்திகள் மக்களை அஞ்ச வைத்தன. 2014-இல் நடந்த மோதல் சோதனையில் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு சோதிக்கப்பட்ட, அதைவிடப் பன்மடங்கு விற்றுக்கொண்டிருந்த வேறு இந்தியக் கார்களும் நட்சத்திரம் பெறவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எல்லாவற்றிற்கும் மேலாக நின்றது ஒரு காரணம். ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயர்! நானோவின் விலை வாங்குபவருக்கு மட்டுமின்றி, வாங்காத கோடிக்கணக்கானவர்களுக்கும் தெரிந்திருந்தது. சாலையில் அது போகும்போது விலைச்சீட்டும் கூடவே போயிற்று. ‘இவரால் இதற்கு மேல் முடியவில்லை’ என்று ஊருக்கு அறிவிக்கும் ஒரு பொருளைக் கடன் வாங்கியாவது வாங்க யாருக்கு மனம் வரும்? மலிவு என்ற சொல்லைச் சொல்லி விற்றது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் வருந்தினார்.

குட்டியானையும் மலிவுதான். ஆனால் அதை வாங்கியவரைப் பார்த்து ஊர் நகைக்கவில்லை. அது சம்பாதிக்கும் வண்டி. சரக்கு ஏற்றினோமா, வாடகை வந்ததா என்பதே அங்குக் கேள்வி. ஆகவே தொழில் வண்டிக்கு ஒரு கணக்கு, சபையில் போய் நிற்கும் வண்டிக்கு ஒரு கணக்கு என்று நம் மக்கள் இருவேறு கணக்குகள் வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவாகிறது.

சிறிய காரும் பெருமை தந்த காலம்

அப்படியானால் சிறிய கார் என்றாலே இழிவுதானா? இல்லை. நம் நாட்டு வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் கார் உற்பத்தியாயிற்று. வெள்ளை அம்பாசிடரும் அதன்மேல் சுழலும் சிவப்பு விளக்கும் வந்தால், உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாமலேயே மக்கள் வழிவிட்டனர். (அச்சிவப்பு விளக்கு 2017 மே முதல் நாளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.) 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி. எஞ்சின் கொண்ட மிகச் சிறிய கார். அளவில் அம்பாசிடருக்கு அருகில் நிற்க முடியாது. எனினும் அதற்காக மக்கள் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். அந்நாளில் மாருதி வைத்திருப்பது புதுமையின் அடையாளம், பெருமையின் அடையாளம்.

அதே அளவுள்ள கார் கால் நூற்றாண்டு கழித்து ஏன் கூச்சத்தைத் தந்தது? மாருதிக்குக் கீழே இருந்தது ஸ்கூட்டர். அதன் உடைமையாளர் ஒரு படி மேலே ஏறியவராகத் தெரிந்தார். நானோவுக்கு மேலே பத்து வகைக் கார்கள் இருந்தன; அதன் உடைமையாளர் பத்துப் படிகளுக்குக் கீழே நிற்பவராகத் தெரிந்தார். ஆகவே மதிப்பு என்பது காரின் அளவில் இல்லை. சுற்றிலும் ஓடும் மற்றக் கார்களில் இருக்கிறது. இயற்பியலில் நாம் படிக்கும் சார்பு இயக்கத்தைப் போன்றதே இதுவும். எதை நிலையாகக் கொண்டு அளக்கிறோமோ, அதைப் பொறுத்தே விடை அமையும்.

நம் சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் தயாராகத் தொடங்கிய ஹூண்டாய் சாண்ட்ரோ காரும் இதற்கொரு சான்று. உயரமான, சற்று விநோதமான வடிவம். ஆனால் உள்ளே நல்ல இடவசதி. அந்நிறுவனம் அதை மலிவான கார் என்று சொல்லவில்லை. ஷாருக்கானை விளம்பரத்தில் நிறுத்தியது. கார் நன்றாகவே விற்றது. பயனுள்ள பொருளும் விற்கும். ஆனால் வாங்குபவரின் தலையைக் குனிய வைக்காமல் இருக்க வேண்டும்.

இது இந்தியர்களுக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் ‘டி’ மாதிரிக் காரைக் கொண்டு வந்தார். 850 டாலராக இருந்த விலையை 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறக்கினார். 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் ஒன்றே! ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழியில் சென்றார். செவர்லேயில் தொடங்கிக் காடிலாக்கில் முடியும் ஓர் ஏணியை அமைத்தார். நிறங்களை மாற்றினார், புதிய மாதிரிகளைக் கொண்டு வந்தார். போன ஆண்டின் கார் பழையதாகத் தோன்றினாலே போதும், ஓடாமல் போக வேண்டியதில்லை என்பது இவ்வழியின் சூட்சுமம். 1927-இல் ஃபோர்டு தம் ‘டி’ காரை நிறுத்த வேண்டியதாயிற்று. கெட்டுப்போகாத காரைத் தோற்கடித்தது அலுத்துப்போன கண்.

எடையும் ஆற்றலும்: ஓர் இயற்பியல் கணக்கு

இனி, இன்று நம் சாலைகளை நிறைக்கும் எஸ்.யு.வி. வகைக் கார்களைப் பார்ப்போம். 2023–24 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் ஏறத்தாழ 42 லட்சம். அவற்றுள் 25 லட்சம் இவ்வகையையும் இதையொத்த பயன்பாட்டு வகையையும் சேர்ந்தவை.

இவற்றுக்கும் பயன் உண்டு. தரையிலிருந்து உயரமாக இருப்பதால் பள்ளத்திலும் வேகத்தடையிலும் அடி தட்டாது. முழங்கால் வலியுள்ள முதியோர் ஏறி இறங்க எளிது. இவை உண்மையே. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லாதவை. எஞ்சினும் அடிச்சட்டமும் சிறிய கார்களுடையவையாகவே பலவற்றில் இருக்கும். முகம் மட்டும் மலைவண்டியின் முகம்.

இவ்விசித்திரப் பிறவிக்கு வரிவிதியும் ஒரு காரணம். 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டர் நீளத்திற்குட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரியிலும், இத்தகைய சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 விழுக்காடு என்றும் பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு என்றும் ஏற்பட்டது. சிக்கனமான சிறு காரை வளர்ப்பதற்காக வகுத்த நான்கு மீட்டர் எல்லைக்குள்ளேயே, பெரிய காரைப் போலத் தோன்றும் சிறிய காரைச் செய்து காட்டிவிட்டன நிறுவனங்கள். நீளத்தை வரி அளக்கிறது. உயரத்தைக் கண் அளக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. 800 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்றும், 1400 கிலோ எடையுள்ள பெரிய கார் ஒன்றும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். வேகம் நொடிக்கு 16.7 மீட்டர். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது. சிறிய காருக்கு அது சுமார் 1,11,000 ஜூல். பெரிய காருக்குச் சுமார் 1,94,000 ஜூல். உள்ளே அமர்ந்திருக்கும் 60 கிலோ மனிதருக்கோ சுமார் 8,300 ஜூல்தான். கடையம் பேருந்து நிறுத்தத்தில் குறுக்கே ஓர் ஆடு வந்து பிரேக் போட்டால், இத்தனை ஆற்றலும் வெப்பமாகி வீணாகும். மீண்டும் புறப்பட மீண்டும் அத்தனை ஆற்றலும் வேண்டும்.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்தை எட்டுகிறது என்று கொள்வோம். பெரிய காரின் மொத்த எடையில் அம்மனிதரின் எடை நூற்றுக்கு நான்கு. இரண்டையும் பெருக்கினால், நாம் எரிக்கும் பெட்ரோலில் மனிதரைச் சுமந்து செல்லப் பயன்படுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் இரும்பைச் சுமக்கவும் காற்றைச் சூடாக்கவும் செலவாகிறது. உயரம் கூடினால் காற்றை எதிர்கொள்ளும் பரப்பும் கூடும். அதற்கேற்பக் காற்றின் தடையும் கூடும். ஈர்ப்பு மையமும் உயர்வதால், திடீரென்று திருப்பும்போது கவிழும் வாய்ப்பும் கூடும்.

இந்தக் கணக்கை எவரும் அறிய மாட்டார் என்பதில்லை. பெட்ரோல் பங்கில் பணம் கொடுக்கும் ஒவ்வொருவரும் அறிவர். அறிந்தும் வாங்குகிறார்கள் என்றால், விடையை இயற்பியலுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

மயிலின் தோகை

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-இல் எழுதிய நூலில் ‘பகட்டு நுகர்வு’ என்ற கருத்தை விளக்கினார். செல்வம் பெட்டிக்குள் இருந்தால் மதிப்பு வராது. பிறர் காணச் செலவிட்டால்தான் வரும் என்பது அதன் சாரம். இக்கருத்தின்படி, பயனில்லாத செலவு என்பதே அச்செலவின் பயன் ஆகிவிடுகிறது!

விலங்கியல் நண்பர்களுக்கு இது புதிதாக இராது. நம் வயல்வெளிகளில் மயில்கள் மேய்வதை நாள்தோறும் காண்கிறோம். ஆண் மயிலுக்கு அத்தனை நீளத் தோகை எதற்கு? பறக்கத் தடை, நரி துரத்தினால் ஓடத் தடை. பெண் மயில் அதைக் கண்டு தேர்ந்தெடுப்பதால் தோகை வளர்ந்தது என்று டார்வின் 1871-இல் விளக்கினார். 1975-இல் இஸ்ரேல் நாட்டு உயிரியல் அறிஞர் அமோட்ஸ் சஹாவி இன்னொரு படி சென்றார். தோகை சுமையாக இருப்பதனால்தான் நம்பத்தக்க சான்றாகிறது. வலிமை இல்லாத மயிலால் அத்தகைய சுமையைத் தாங்க முடியாது என்றார் அவர்.

பெரிய காரும் ஒரு தோகைதான். ஆனால் மயிலுக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மயில் தன் சொந்த உடலில் விளைந்த தோகையைத்தான் விரிக்க முடியும். மனிதனுக்கோ தோகையைக் கடனாகத் தர ஆள் உண்டு! வலிமையைக் காட்ட வேண்டிய அடையாளம், தவணை வசதி வந்தபின் வலிமையைக் காட்டுவதில்லை, கடனைத்தான் காட்டுகிறது. அதோடு, எல்லோரும் தோகையை நீட்டினால் யாருடைய தோகையும் நீளமாகத் தெரியாது. சினிமாக் கொட்டகையில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்வரிசைக்காரரும் நிற்க வேண்டும். முடிவில் அனைவரும் நின்றுகொண்டு அதே படத்தைத்தான் பார்ப்பார்கள்.

நாற்காலியின் மதிப்பு

இவ்வளவும் கூறியபின், தோற்றத்திற்காகக் கார் வாங்குபவர்களை மூடர்கள் என்று முடித்துவிடுவது எளிது. அம்முடிவு எனக்கு உடன்பாடன்று.

எங்கள் உறவில் ஒரு பெரியப்பா பெரிய காராக வாங்கினார். “பெரியப்பா, வீட்டுல மூணு பேருதான இருக்கீய, எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏல, சின்ன வண்டியில போய் எறங்குனா, சம்பந்தி வீட்டுல நாற்காலி எடுத்துப் போட ஆள் வர நேரமாகும்டே!”

வேடிக்கைப் பேச்சுப் போல் தோன்றினாலும் இதில் கசப்பான உண்மை உள்ளது. பரம்பரைச் செல்வருக்கு நாற்காலி தானாக வரும். அவர் நடந்தே போனாலும் அவருடைய பெயர் முன்னே போகும். நேற்றுவரை கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் தலையெடுத்தால், அவர் தலையெடுத்தது ஊருக்கு எப்படித் தெரியும்? வங்கிக் கணக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக முடியாது. பட்டத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளவும் முடியாது. வண்டி ஒன்றுதான் வாசலில் நின்று பேசுகிறது.

வண்டிக்கும் மரியாதைக்கும் உள்ள தொடர்பு நம் மண்ணில் பழையது. தமிழ்நாட்டின் பல ஊர்களில், ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்சாதித் தெருக்களில் செருப்பணிந்து நடக்கவும் மிதிவண்டியில் அமர்ந்து செல்லவும் தடை இருந்தது. இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சில இடங்களில் அக்கொடுமை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அத்தகைய தெருவில் ஒருவர் வண்டியில் நிமிர்ந்து அமர்ந்து செல்வதை வெறும் பகட்டு என்று எவ்வாறு கூறுவது? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அது உதவியது. அதற்கும் மேலாக, ஆண் துணையை எதிர்பாராமல் வெளியே போகலாம் என்ற நிமிர்வையும் அவர்களுக்குத் தந்தது. அங்குப் பயனும் தோற்றமும் ஒன்றுக்கொன்று பகையாக இல்லை. ஒரே சைக்கிளில் இரண்டும் சேர்ந்தே சென்றன.

ஆகவே மரியாதை என்பதும் ஒரு தேவையே. அரிசி, பருப்பு போல அதற்கும் மனிதன் விலை கொடுக்கிறான். என் கேள்வி அந்த விலையைப் பற்றியதுதான்.

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு அரசு வழங்கிய மிதிவண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பள்ளி வாசலில் வரிசையாக நின்றபோது எது வசதியுள்ளவன் வண்டி, எது இல்லாதவன் வண்டி என்று தெரியாது. ஒரு மாதத்திற்குள் ஒருவன் ஹீரோ படம் ஒட்டினான். ஒருவன் புது மணி மாட்டினான். ஒருவன் சக்கரக் கம்பிகளில் வண்ணப் பாசி கோத்தான். தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதற்கான செலவு இருபது ரூபாயோடு முடிந்தது. யாருடைய வீட்டு நகையும் அடகுக்குப் போகவில்லை. ஆசையை ஒழிக்க முடியாவிட்டாலும் அதன் விலையைக் குறைக்க முடியும் என்பதற்கு எங்கள் பள்ளியின் சைக்கிள் நிறுத்தமே சாட்சி.

தவணையின் கணக்கு

அந்த விலை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் தேவைக்குப் போதுமான கார் ஆறு லட்சம் ரூபாய், ஊர் பார்க்க வேண்டிய கார் பத்து லட்சம் ரூபாய் என்று கொள்வோம். இடையிலுள்ள நான்கு லட்சத்தை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுத் தவணையில் வாங்கினால், மாதம் சுமார் ரூ.6,430 கட்ட வேண்டும். எண்பத்து நான்கு மாதங்களில் கட்டும் தொகை சுமார் ரூ.5,40,000.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் காருக்கு 50 லிட்டர் போதும். 14 கிலோமீட்டர் தரும் காருக்கு 71 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் ரூ.2,100 கூடுதல். ஏழு ஆண்டுகளில் இது ரூ.1,80,000 ஆகும். இரண்டையும் கூட்டினால் ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். டயரும் காப்பீடும் இக்கணக்கில் சேரவில்லை. கடனே வாங்காமல் கையிலிருக்கும் பணத்தைப் போடுபவருக்கும், அப்பணம் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி இழப்பே.

இத்தொகையில் ஒரு பெண் பிள்ளை செவிலியர் படிப்பை முடிக்கலாம். ஒரு விவசாயி கிணற்றை ஆழப்படுத்திச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கலாம். கடையம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் இல்லாத தெரு குறைவு. என் தாயாரும் அவர்களுள் ஒருவர். இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் கட்டி, கழிவு போக அவர் ஒரு மாதத்தில் கொண்டு வரும் கூலி மேற்சொன்ன தவணைத் தொகையை எட்டுவதில்லை. அத்தகைய வீட்டிலிருந்து படித்து வேலைக்குப் போகும் ஒருவன், முதல் ஆண்டிலேயே அந்தத் தவணைக்குக் கையெழுத்துப் போடுவானானால், அவன் அம்மாவின் பீடித்தட்டு இன்னும் ஏழு ஆண்டுகள் மடியிலேயே இருக்கும்.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய காரும் நாளில் எத்தனை நேரம் ஊர் பார்க்க ஓடுகிறது? நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் ஓடினால் ஒரு மணி நேரம். மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. சம்பாதிக்கும் வண்டியை வாங்கும்போது நம் மக்கள் சிறந்த கணக்கர்களாகவே இருக்கிறார்கள். குட்டியானையின் வெற்றி அதற்குச் சான்று. சபைக்குப் போகும் வண்டியை வாங்கும்போதும் அவர்கள் கணக்கை மறப்பதில்லை. மரியாதையையும் ஒரு வரவாக அதில் எழுதிக்கொள்கிறார்கள். அம்மரியாதையைத் தருவதும் மறுப்பதும் காரை விற்கும் நிறுவனம் அன்று. பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான். ஆதலால் காரின் விலையில் ஒரு பகுதியை நிர்ணயிப்பவர்களும் நாமே.

இதற்கு இரண்டு வழிகள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, வாங்குபவர் கையில் உள்ளது. ஓராண்டில் எத்தனை நாள் நான்கு பேருக்கு மேல் பயணம் செய்வோம்? வீட்டுத் தெருவில் அந்த வண்டியைத் திருப்ப இயலுமா? தவணை கட்டிய பின் பிள்ளைகளின் படிப்புக்கு மிஞ்சுவது எவ்வளவு? ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்றால் எந்தக் காரை வாங்குவேன்? இந்நான்கு கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதிய பிறகு கடைக்குப் போக வேண்டும். நான்காவது கேள்வியின் விடைக்கும் வாங்க நினைக்கும் காருக்கும் உள்ள விலை வேறுபாடே ஊருக்காக அவர் கட்டும் வரி. அதைக் கட்டுவதா வேண்டாமா என்று அறிந்தே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது வழி பார்ப்பவர் கையில் உள்ளது. வீட்டுக்கு வருகிறவர் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தாலும், எக்ஸெல்லில் வந்தாலும், காரில் வந்தாலும் ஒரே வேகத்தில் நாற்காலி எடுத்துப் போடுவது. பெண் பார்க்க வரும் இடத்தில் வாசலில் நிற்கும் வண்டியை எட்டிப் பார்க்காமல் இருப்பது. இதற்குச் சட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். இன்னும் சில ஆண்டுகளில் நம் கைக்குச் சம்பளம் வரும். அதன் பின்னாலேயே கடன் தருவதாகத் தொலைபேசி அழைப்புகளும் வரும். அன்று நாம் எந்தக் காரை வாங்கினாலும், ஒன்றுமே வாங்காவிட்டாலும், அடுத்தவர் எதில் வந்தார் என்று பார்த்து அவரை அளக்காமல் இருக்க இன்றே பழகிக்கொள்வோம்.